கோதண்டபாணி முடிச்சு

நாட்டு மக்கள் கையிலிருக்கும் வேலையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்க வேண்டிய செய்தி இது. காரில் போகும்போது தன்னைக் கட்டியிருக்கும் பெல்ட்டை நாய் கடித்து அறுக்கும் பிரச்சினைக்கு, கார் என்ற ஒன்று வந்த நாளிலிருந்து உலகம் தேடிக்கொண்டிருந்த தீர்வு, விருத்தாசலத்தில் கிடைத்துவிட்டது. கண்டுபிடித்தவர், பீங்கான் சிறுதொழில் செய்வோர் சங்கத்தின் தலைவர் கோதண்டபாணி. நாள், ஞாயிற்றுக்கிழமை. நேரம், காலை ஏழேகால். இடம், அவருடைய கம்பெனியின் பேக்கிங் ஷெட். விழாவில் பொதுமக்கள் திரளாகக் கலந்துகொண்டார். அவர் பெயர் பாவாடை. சூளை பார்க்கிறவர்.

"ஹீட்டர் கம்பியில கோப்பாங்களே, நம்ம பீங்கான் மணி, அதான் பாவாட. நாப்பத்திரண்டு மணி. உள்ள ஸ்டீல் கம்பி. எப்டி?"

பாவாடை அதை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தார்.

"சாமிக்குப் போடலாம் மொதலாளி."

"நாய்க்கு."

"நாய்க்கா?" பாவாடை ஒரு மணியை நகத்தால் தட்டினார். "ஆயிரத்து முந்நூறு டிகிரியில வெந்ததாச்சே. ஒடஞ்சிராது?"

"மணி ஒடையாது."

"நான் பல்லச் சொன்னேன்."

"நீ சூளையப் பாரு."

கம்பியின் கடைசியில் முடிச்சைத் தலைவரே போட்டார். பதினெட்டு வயதில் பேக்கிங் ஆளாகத் தொழிலுக்கு வந்தவர் அவர். அப்போது பழகிய முடிச்சு. வடநாடு வரைக்கும் லாரியில் போன பெட்டி ஒன்றுகூட வழியில் அவிழ்ந்ததில்லை. வாங்கியவர்கள் கத்தியால் அறுத்துத்தான் பிரிப்பார்கள். கம்பெனியில் அதற்குக் 'கோதண்டபாணி முடிச்சு' என்றே பெயர். பெயர் வைத்தது யார் என்று கேட்காமல் இருப்பது நாகரிகம்.

போன வார இதழைப் பக்கத்து வீட்டில் இரவல் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்காதவர்களுக்காக இரண்டு வார்த்தை.

நாயின் பெயர் டோக்கன். கோதண்டபாணியின் மருமகள் பூர்ணிமாவின் அப்பா ஆதிநாராயணன் ரயில்வேயில் இருந்தவர். அவர் வைத்த பெயர். அவர் போய் இன்றோடு ஒரு வருஷம். பெண்ணாடத்தில் அம்மா செல்வநாயகி மூட்டுவலியோடு தனியாக இருக்கிறார். அவரால் நாயை இழுத்துப் பிடிக்க முடியாது என்று பூர்ணிமா அதை விருத்தாசலத்துக்குக் கூட்டி வந்துவிட்டாள். புருஷன் அறிவழகன் கப்பலில்.

பூர்ணிமாவுக்கு இங்கே பேங்க்கில் வேலை. இப்போது பெண்ணாடம் கிளைக்கு மாறுதல் கேட்டால் கிடைக்கும் என்கிறார்கள். வேண்டுமா வேண்டாமா என்று திங்கட்கிழமை, அதாவது நாளைக்கு, அவள் சொல்லியாக வேண்டும். வாராவாரம் அம்மாவைப் போய்ப் பார்த்துவர முடிந்தால் மாறுதல் தேவையில்லை. ஆனால் நாயை வீட்டில் விட்டுவிட்டுப் போக அவள் சம்மதிப்பதில்லை. காரில் ஏற்றினால் அது பெல்ட்டைத் தின்கிறது.

மருமகள் போய்விடுவாளோ என்பதில் கோதண்டபாணிக்கு உண்மையாகவே கலக்கம். சங்கத்தில் அவர் மைக்கைப் பிடித்தால் டீ சொல்லப் போகிறவர்கள் எண்ணிக்கை திடீரென்று கூடும். கப்பலிலிருந்து பேசும் மகனுக்கு இரண்டாவது நிமிஷமே சிக்னல் போய்விடும். உலகத்தில் அவர் பேச்சைக் கடைசி வரை கேட்கிற ஒரே ஜீவன் பூர்ணிமா. கேட்டு, டைப் அடித்து, "இந்த எடத்துல மட்டும் கொஞ்சம் கொறச்சுக்கலாம் மாமா" என்றும் சொல்வாள். அவரும் குறைத்துக்கொள்வார்.

இனி, வாசகர்களுக்குத் தெரிந்த, ஆனால் வீட்டில் யாருக்கும் தெரியாது என்று அவர் நம்பிக்கொண்டிருக்கும் விஷயம்.

மூன்று மாதம் முன்பு சங்கத்தில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்தியவர்கள் வீடுவரை வந்து காபி குடித்துக்கொண்டிருந்த நேரத்தில், டோக்கன் அந்தப் பொன்னாடையை நாற்காலியிலிருந்து இழுத்துக்கொண்டு போய், வாசல் சாக்கடையில் போட்டு, அதன்மேல் சௌகரியமாகப் படுத்துக்கொண்டது. ஒருத்தர் போட்டோ எடுத்தார். சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் தலைவரின் எந்த அறிக்கைக்கும் கிடைக்காத வரவேற்பு அந்தப் போட்டோவுக்குக் கிடைத்தது.

அடுத்த வாரம், வீட்டில் யாரும் இல்லாத ஒரு மத்தியானம், அவர் நாயைக் காரில் ஏற்றினார். பெண்ணாடம் ரோட்டில், கரும்பு டிராக்டர்கள் நிழலுக்கு ஒதுங்கும் ஒரு வேலமரத்தில், பேக்கிங் ஷெட்டின் நீலக் கயிற்றால் கட்டினார். யாராவது டிரைவர் கொண்டுபோய் வளர்ப்பான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கார் கிளம்பியபோது நாய் குரைக்கவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

வீட்டில், கேட்டு திறந்திருந்தது என்றார். அதோடு விட்டிருந்தால் அவர் கோதண்டபாணி இல்லை. 'காணவில்லை' நோட்டீஸ் அடித்தார். "எங்கள் இல்லத்தின் ஐந்தாவது உறுப்பினர்" என்று தலைப்பு. ஜங்ஷன் வரைக்கும் ஒட்டவைத்து, எல்லாக் குழுவுக்கும் அனுப்பினார். ஆறுதல் சொன்னவர்களுக்குக் கைகூப்பி எமோஜி போட்டார்.

நான்காம் நாள் காலை, டோக்கன் பாதமெல்லாம் புண்ணாக வாசலில் கிடந்தது. கம்பெனியிலிருந்து ஓடிவந்த கோதண்டபாணி முதலில் பார்த்தது அதன் கழுத்தை. கயிறு இல்லை. உடனே போய் மாலை வாங்கி வந்து நாய்க்குப் போட்டு, நன்றியுணர்ச்சி என்ற தலைப்பில் பத்து நிமிஷம் பேசினார்.

அதற்குப் பிறகுதான் இந்தக் கடி.

வேப்பெண்ணெய் தடவினார்; ஒரு வாரம் கார் நாறியது. பாகற்காய்ச் சாறு நாய்க்குப் பிடித்துப்போனது. மிளகாய்த்தூள் தடவிய கையால் கண்ணைத் தேய்த்துக்கொண்டது நாய் அல்ல. இரும்புச் சங்கிலி போட்டதும், டோக்கன் சங்கிலியை விட்டுவிட்டுக் கதவு ரப்பரைத் தின்றது. எல்லாச் சோதனை ஓட்டத்துக்கும் வண்டி ஓட்டியவர் தலைவரே. கார் சாவியை அவர் அடுத்தவர் கையில் கொடுத்த வரலாறு கிடையாது.

எட்டரைக்கு, பெண்ணாடத்துப் படையலுக்குக் கார் கிளம்பியது. முன்னால் கோதண்டபாணியும் மனைவி திரௌபதியும். பின்னால் பூர்ணிமா, மணி பூட்டிய டோக்கன், டோக்கனின் பை.

"இவ்ளோ கனமா இருக்குதேங்க" என்றாள் திரௌபதி.

"கழுத்துலயா மாட்டிருக்குது? மார்ல கட்டுன பட்டையிலேருந்து சீட்டு வரைக்கும் போவுது. அது வாய் எங்க போவுதோ அங்கெல்லாம் மணி. ஒரு தடவ கடிக்கும். ரெண்டாந்தடவ யோசிக்கும்."

"நீங்க யோசிச்சிங்களா?"

கோதண்டபாணி இந்த மாதிரிக் கேள்விகளுக்கு ஹாரன்தான் அடிப்பார்.

"மாமா, கொஞ்சம் மெதுவா போங்க. நடுங்குது."

"ஏசிய கொறைக்கிறேம்மா." குறைத்தார். "பூர்ணிமா, நாளைக்கு மேனேஜர்கிட்ட என்னா சொல்லப் போற?"

"இன்னிக்கு போயிட்டு வந்து சொல்றேன் மாமா."

"இனிமே கவலையே இல்ல. வாராவாரம் நாயோட போலாம், வரலாம். மாறுதல் எதுக்கு? இதுக்கு நான் பேட்டன்ட் வாங்கப்போறேன். அப்ளிகேஷன் நீதான் டைப் அடிக்கணும்."

பூர்ணிமா நாயின் காதைத் தடவிக்கொண்டிருந்தாள்.

ஊரைத் தாண்டியதும் ஆரம்பித்தது. கடக், கடக் என்று பீங்கானைக் கடிக்கும் சத்தம். மணி எதுவும் உடையவில்லை என்பதைத் தலைவர் காதாலேயே உறுதி செய்துகொண்டார். பெருமையோடு கண்ணாடியில் பார்த்தார். நாய் பெல்ட்டைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்க்கவில்லை. வாயில் மணி, கண் கண்ணாடியில். கண்ணாடிக்குள் இருக்கிற அவரை அது பார்த்துக்கொண்டிருந்தது.

அவர் கண்ணாடியைக் கொஞ்சம் மேலே தூக்கி வைத்தார்.

வேலமரம் வந்தது. அந்த இடம் வந்தால் எதிர்ப்பக்க வயலில் கரும்பு எப்படி இருக்கிறது என்று பார்ப்பது மூன்று மாதமாக அவர் பழக்கம். இன்றும் பார்த்தார். ஆக்சிலேட்டரை மிதித்தார்.

பின்னால் ஏதோ உடைந்தது. பீங்கான் உடைகிற சத்தம் அவருக்கு நாற்பது வருஷமாகத் தெரியும். இது அது இல்லை.

"நிறுத்துங்க மாமா."

மரத்தைத் தாண்டி நூறடியில் நிறுத்தினார். சீட்டில் ரத்தம். டோக்கன் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு மூச்சு வாங்கியது. மணிகளுக்கு நடுவில் வெள்ளையாக ஒன்று கிடந்தது. அதுவும் மணிதான் என்று எடுத்தார். பல்.

"மணி ஒண்ணுகூட..." என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அவர் வாழ்க்கையில் பாதியில் நிறுத்திய முதல் வாக்கியம் அதுவாக இருக்கலாம்.

"அத்த, பையில துணி இருக்குது பாருங்க."

திரௌபதி இறங்கி வந்து டோக்கனின் பையைத் திறந்தாள். அதன் சாப்பாட்டுத் தட்டு, தண்ணீர் பாட்டில், அடியில் பழைய புடவைத் துணி. துணியை உதறியதும் அதற்குள்ளிருந்து ஒன்று விழுந்தது.

ஒரு முழம் நீலக் கயிறு. ஒரு நுனி மென்று மென்று நார் நாராகப் பிரிந்திருந்தது. மறுபக்கம் கழுத்தளவு வளையம். அதை யாரோ கத்தரியால் வெட்டி எடுத்திருந்தார்கள். முடிச்சு மட்டும் போட்டது போட்டபடி இருந்தது. அதைப் பார்த்து இது யார் போட்ட முடிச்சு என்று கேட்பதற்கு ஜில்லாவிலேயே ஆள் இல்லை.

கோதண்டபாணி கயிற்றைக் கையில் எடுத்தார்.

"இது..."

"அது கழுத்துல இருந்தது மாமா." பூர்ணிமா நிமிராமல் நாயின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "திரும்பி வந்த அன்னிக்கு. கோலம் போட வந்தப்ப அத்ததான் பாத்தாங்க. முடிச்ச அவுக்க வரல. கத்திரிக்கோல் எடுத்தாந்தது நானு."

"அன்னிக்கேவா?"

"நீங்க மால வாங்கப் போனிங்க பாருங்க" என்றாள் திரௌபதி. "அதுக்கு முன்னாடியே."

அவருக்கு அந்தப் பத்து நிமிஷப் பேச்சு ஞாபகம் வந்தது. வாசலில் இவர் பேச, இரண்டு பேரும் நின்று கேட்டார்கள். பூர்ணிமா அதை வீடியோ எடுத்தாள். எடுக்கச் சொன்னது இவர்தான். நடுவில் ஒரு முறை தொண்டை அடைத்தது போல் செய்து, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டதும் ஞாபகம் வந்தது. அதுவும் வீடியோவில் இருக்கும்.

"ஏன் கேக்கல?"

"நீங்களே சொல்லுவிங்கன்னு இருந்தோம்." பூர்ணிமாவின் குரலில் கோபம் இல்லை. "வேப்பெண்ண வாங்கனப்ப சொல்லுவிங்கன்னு நெனச்சேன். மொளகாத்தூள் அன்னிக்கு கண்டிப்பா சொல்லிருவாருன்னாங்க அத்த. இன்னிக்கு அப்பா நாளு. இன்னிக்காச்சும்னு நெனச்சேன்."

எந்தத் தலைப்பு கொடுத்தாலும் முன்தயாரிப்பு இல்லாமல் பத்து நிமிஷம் பேசக்கூடியவர் ரோட்டோரத்தில் நின்று தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது ஒரு சாதாரணச் செருப்பு. அதில் பார்க்க ஒன்றும் இல்லை.

"திரும்பிரலாம்மா" என்றார் கடைசியில். "டாக்டர்கிட்ட காட்டலாம்."

"பெண்ணாடம்தான் பக்கம். மாட்டாஸ்பத்திரி டாக்டரு அம்மாவுக்குத் தெரிஞ்சவரு. வூட்டுல இருப்பாரு." அவள் மணிப் பட்டையைக் கழற்றி, பையிலிருந்து பாதி கடிபட்ட பழைய துணிப் பட்டையை எடுத்து மாட்டினாள். பிறகு நிமிர்ந்தாள். "மாமா, நீங்க எறங்கிக்கிறிங்களா? நான் ஓட்டறேன்."

பேங்க்கில் 'அடுத்த கவுன்ட்டருக்குப் போங்க சார்' என்று சொல்கிற அதே மரியாதை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பார். அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பார். 'சார்' என்று வாய்விட்டுக் கூப்பிடாததுதான் பாக்கி.

அவர் ஏற்கெனவே இறங்கித்தான் நின்றுகொண்டிருந்தார். சாவியும் வண்டியிலேயே இருந்தது. கொடுப்பதற்குக்கூட ஒன்றும் இல்லை.

"நீயும் போறியா திரௌபதி?"

"ஒருத்தி ஓட்டணும், ஒருத்தி புடிச்சிக்கணும்." திரௌபதி பின் சீட்டில் ஏறி, டோக்கனின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். "மரத்துகிட்ட நின்னு கை காமிங்க. பஸ்ஸு நிக்கும்."

பூர்ணிமா ஜன்னல் வழியாக மணிப் பட்டையை நீட்டினாள்.

"இத எடுத்துக்கிங்க மாமா."

கார் போயிற்று. வேகமாகக்கூடப் போகவில்லை.

நூறடி நடந்து மரத்தடிக்கு வந்தார். மூன்று மாதமாகப் பார்க்காமல் தவிர்த்த மரம். முழங்கால் உயரத்தில் பட்டை உரிந்திருந்தது. அதற்குச் சற்று மேலே, வெயிலில் வெளுத்துப்போய், நீலக் கயிற்றின் மறுபாதி. அதன் நுனியும் நார் நாராக. அடிமரத்தில், அவர் முடிச்சு.

எப்போது கட்டினார், எவ்வளவு அவசரமாகக் கட்டினார், ஆனாலும் எவ்வளவு நேர்த்தியாகக் கட்டியிருக்கிறார். பார்க்க அசிங்கமாக இருந்தது.

மணிப் பட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு அதை அவிழ்க்க உட்கார்ந்தார். நகத்தால் நெம்பினார். பல்லால் கடிக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது; சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். கட்டைவிரல் நகம் பிய்ந்ததுதான் மிச்சம். பஸ் வந்துவிட்டது. அவசர அவசரமாக எழுந்து கை காட்டினார். முடிச்சு மரத்திலேயே இருந்தது.

பஸ்ஸில் மூன்றாவது சீட்டில் நாசர். மங்கலம்பேட்டையில் எலெக்ட்ரிக்கல் கடை. கோதண்டபாணியின் ஃபியூஸ் கட்டைகளை இருபது வருஷமாக விற்கிறவர்.

"என்ன தலைவரே, பஸ்ஸுல? காரு?"

"சர்வீஸுக்கு விட்டுருக்குது பாய்."

"தோள்ல என்னா, மாட்டு மணியா?"

"ஆமா."

"நல்லாருக்குது. எந்தக் கோயில் மாட்டுக்கு?"

கோதண்டபாணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நாசர் விடவில்லை.

"நாய் நல்லாருக்குதா? எங்க வூட்டுல நாய் வளக்கறதில்ல. இருந்தாலும் உங்க நோட்டீஸ படிச்சுட்டு எம்பொண்ணு முபீனா சோறு திங்காம அழுவுறா. மஸ்கட்டுல இருக்கற எம்மச்சானுக்கு அனுப்பிட்டா. அங்க அவரு ரூம்ல இருக்கற எட்டு பேரும் தெனம் கேட்டாங்க, விருத்தாசலத்து நாய் கெடச்சுதா, கெடச்சுதான்னு. கெடச்சுருச்சுன்னதும் டீ பார்ட்டியே வெச்சுட்டாங்க."

"அப்டியா."

"நீங்க பேசுன வீடியோவும் அனுப்பிருக்கேன். கண்ணு கலங்கிட்டிங்களே தலைவரே. ஆமா, கேக்கணும்னு இருந்தேன். எப்டிதான் காணாம போச்சு அது?"

சொல்லிவிடலாம். பஸ்ஸில் பத்துப் பேர்தான். அதில் பாதிப் பேர் தூக்கம். வாயைத் திறந்தார்.

"கேட்டு தொறந்திருந்துச்சு பாய்."

"அடப்பாவமே" என்றார் நாசர்.

வீட்டுக்கு வந்து, கதவைத் திறந்து, யாரும் இல்லாத கூடத்தில் உட்கார்ந்தார். மணிப் பட்டையை மேஜையில் வைத்தார். அது கண்ணில் பட்டுக்கொண்டே இருந்ததால் அலமாரிக்குள் வைத்தார். அங்கே பொன்னாடைகள் இருந்தன. வெளியே எடுத்துத் துடைப்பம் இருக்கும் மூலையில் வைத்தார். மத்தியானம் பழைய சோறு போட்டுச் சாப்பிட்டார். யாரோ சங்கத்திலிருந்து போன் பண்ணினார்கள். எடுக்கவில்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்கு அவரே திரௌபதிக்குப் போன் பண்ணினார்.

"பல்லு?"

"மிச்சத்தப் புடுங்கிட்டாரு. ஊசி போட்டுருக்காரு. கஞ்சி குடிச்சுது."

"படையல்?"

"ஆச்சு."

"எப்ப வரிங்க?"

"நான் கடைசி பஸ்ஸுக்கு முன்னாடி வந்துருவேன்."

"பூர்ணிமா?"

அந்தப் பக்கம் செல்வநாயகி யாரிடமோ காபிக்குச் சர்க்கரை கேட்பது கேட்டது.

"அது சாப்புடற தட்டையும் எடுத்தாந்துருக்கா" என்றாள் திரௌபதி. "காலையிலயே பையில வெச்சுட்டா."

"நாளைக்கு மேனேஜருக்கு என்னா சொல்லப் போறாளாம்?"

"அவ சொல்லல. நான் கேக்கல. நம்ம வூட்டுலதான் யாரும் எதையும் கேக்கற பழக்கமில்லயே."

கோதண்டபாணி போனைக் காது மாற்றிக்கொண்டார். சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. அதை எப்படி ஆரம்பிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. தெரிந்த பக்கமாகவே போனார்.

"அந்தத் துணிப்பட்ட. பாதி கடிச்ச பழசு. அதையும் முழுசா அறுத்துருச்சா?"

"இல்ல."

"இல்லியா?"

"வாயே வெக்கல. மடியில தல வெச்சு பெண்ணாடம் வரைக்கும் தூங்கிச்சு."

"வலியில விட்டுருக்கும்."

"வலிச்சா தூங்குமா?"

"அப்ப வேற என்னமோ பண்ணிருக்கிங்க." குரலில் அவரையும் மீறிக் காலை நேரத்துத் தலைவர் எட்டிப் பார்த்தார். "என்னா பண்ணிங்க? ஏதாச்சும் தடவனிங்களா? ஜன்னலத் தொறந்து விட்டிங்களா? சரியா சொல்லு."

"ஒண்ணும் பண்ணல" என்றாள் திரௌபதி. "நீங்க எறங்கிட்டிங்க. அவ்ளோதான்."